மார்மலாங் பாலத்துக்குப் போகும் ரஸ்தா: ஒரு தாய்ப் பத்திரத்தின் நான்கு எல்லைகள்

தி. நகரின் தென்கோடியில், அண்ணா சாலைக்கு மேற்கே, ஒரு குறுக்குச் சந்தில் இருக்கிறது அந்த வீடு. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய கட்டடம். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவு செய்து, வங்கிக் கடனுக்காகப் பத்திரங்களை எல்லாம் ஒப்படைத்தார்கள். வங்கி சார்பில் பார்த்த வழக்கறிஞர் ஒரே ஒரு குறிப்போடு திருப்பி அனுப்பினார். தாய்ப் பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில், சொல்லப்படும் நிலமும் இன்று இவர்கள் கையில் இருக்கும் நிலமும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும்.

நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. பழைய நில ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில். அதில் நான் பார்த்தவற்றில் ஒரு ஆறு, ஒரு பெருஞ்சாலை, ஒரு ஏரி, ஒரு ஊர்ப்பெயர் எல்லாம் ஒரே காகிதத்தில் வந்து நின்றது இந்த ஒன்றில்தான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். குடும்பத்தின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக எண்களை மட்டும் சற்று மாற்றியிருக்கிறேன்.

தாய்ப் பத்திரம் சாதாரண வருஷம் தை மாதம் எழுதியது. அதாவது 1911 ஜனவரி. (வீட்டுப் பேரன் ‘சாதாரண வருஷம்’ என்றால் லீப் வருஷம் இல்லாத வருஷம் என்று நினைத்திருந்தான். அறுபது தமிழ் வருஷங்களில் நாற்பத்து நான்காவது வருஷத்தின் பெயர் அது என்று சொன்னதும் குறித்துக்கொண்டான்.) அசல் பத்திரம் மடித்த இடமெல்லாம் விட்டுப்போய், தொட்டால் உதிரும் நிலையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதனால் 1970களில் யாரோ தட்டச்சு செய்து வைத்த நகலைத்தான் எல்லோரும் பயன்படுத்தி வந்தார்கள். வழக்கறிஞர் பார்த்ததும் நகல்தான். முதலில் என் கைக்கு வந்ததும் அதுதான்.

நகலின் சொத்து விவரம் இப்படி இருந்தது: ‘மேற்படி கிராமம் பைமாஷ் நம்பர் 14 அ. இதற்குச் செக்குபந்தி: மார்மலாங் பாலத்துக்குப் போகும் ரஸ்தாவுக்கு மேற்கு, ஏரிக்கரைக்குக் கிழக்கு, ஏரித் தண்ணீர் போகும் காலுக்கு வடக்கு, நஞ்சை நிலத்துக்குத் தெற்கு. இதன் மத்தியில் உள்ள பன்னிரண்டரைக் குழி.’ பைமாஷ் என்றால் பழைய நில அளவை. செக்குபந்தி என்றால் நான்கு எல்லை. ரஸ்தா சாலை, கால் வாய்க்கால், குழி ஒரு நில அளவு.

மேற்படி கிராமம் எது? நகலில் அதற்கு மேலே இருந்த ஒரே ஊர்ப்பெயர் சைதாப்பேட்டை. விற்றவர் ‘சைதாப்பேட்டை கஸ்பாவில் இருக்கும்’ ஒருவர். மார்மலாங் பாலமும் சைதாப்பேட்டையில்தான் இருந்தது. இன்றைய மறைமலை அடிகள் பாலத்தின் பழைய பெயர் அது. அப்புறம் என்ன சந்தேகம்? குடும்பத்தார் சைதாப்பேட்டை கிராமம், எண் 14அ என்று போட்டு மனு கொடுத்தார்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது: இந்த எண் இந்தக் கிராமக் கணக்கில் இல்லை.

நானும் முதலில் அதே வழியில்தான் போனேன். பாலத்தைப் பிடித்துக்கொண்டு அடையாற்றின் வடகரையிலேயே இரண்டு நாள் சுற்றினேன். வரைபடத்தில் பாலத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அதற்குள் ஏரிக்கரை எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை.

எல்லையைப் படிப்பது

நம்பரை வைத்துத் தேடி வழி அடைபட்டால், செக்குபந்தியிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் எளிமையானது. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஒரு துண்டு நிலத்துக்கு நூறு வருஷத்துக்குள் மூன்று, நான்கு எண்கள் மாறியிருக்கும். பைமாஷ் எண், பழைய சர்வே எண் என்கிற ஓ.எஸ்., மறு அளவைக்குப் பிறகு வந்த ஆர்.எஸ்., நகர அளவைக்குப் பிறகு வந்த பிளாக் எண், டி.எஸ். எண். ஒவ்வொரு முறையும் பழைய எண் அழிந்து புது எண் வரும். ஆனால் ஏரிக்கரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான்கு எல்லை சொல்லி நிலத்தை அடையாளம் காட்டுவது வெள்ளைக்காரன் சொல்லித் தந்ததல்ல. பல்லவர், சோழர் செப்பேடுகளில் தானம் கொடுத்த ஊரின் எல்லை ‘கீழ்பாலெல்லை இன்னதற்கு மேற்கும், தென்பாலெல்லை இன்னதற்கு வடக்கும்’ என்றே போகும். ஏரி, வாய்க்கால், வழி, புற்று, மரம் எல்லாம் அதில் சாட்சி. பெண் யானையை நடத்தி எல்லை சுற்றி வருவதைப் ‘பிடி சூழ்தல்’ என்றார்கள். ‘கல்லுங் கள்ளியும் நாட்டி’ என்று செப்பேடு எழுதும். கள்ளிச் செடியை எல்லையில் நடுவது நம் கிராமங்களில் வெகுகாலம் இருந்த வழக்கம். 1911இல் அந்தப் பத்திரத்தை எழுதியவர் ‘ரஸ்தாவுக்கு மேற்கு, ஏரிக்கரைக்குக் கிழக்கு’ என்றபோது, தெரிந்தோ தெரியாமலோ, அதே வாக்கியத்தைத்தான் எழுதினார்.

இப்போது கிழக்கு எல்லையைப் பார்ப்போம். ‘மார்மலாங் பாலத்துக்குப் போகும் ரஸ்தா.’ பாலத்தருகே என்று எழுதவில்லை. பாலத்துக்குப் போகும் ரஸ்தா என்றுதான் இருக்கிறது. பழைய பத்திரங்களில் பெரும்பாலும் சாலைக்குத் தனிப்பெயர் கிடையாது. அது எங்கே போகிறதோ அதுவே பெயர். பூந்தமல்லிக்குப் போனால் பூந்தமல்லி ரோடு, பரங்கிமலைக்குப் போனால் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை. அதனால் ஒரே சாலைக்கு, நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறும். கோட்டையில் இருப்பவனுக்கு அது மலைக்குப் போகும் பாதை. பரங்கிமலையில் இருப்பவனுக்கு அது பட்டணம் போகும் பாதை. ஆற்றங்கரையில், பாலத்தை ஒட்டியே இருப்பவன் ‘பாலத்துக்குப் போகும் ரஸ்தா’ என்று சொல்ல மாட்டான். ‘பாலத்தடி’ என்பான். அப்படியானால் எழுதியவர் நின்ற இடம் பாலத்துக்கு வடக்கே, சற்றுத் தள்ளி. சைதாப்பேட்டையைத் தாண்டி.

இதைக் கவனித்த அன்றுதான் எனக்குத் தெளிவு வந்தது. பாலத்தைச் சுற்றித் தேடியதே தப்பு. சாலையின் மேற்குப் பக்கமாக வடக்கே போக வேண்டும்.

பாலத்தின் பெயருக்குள் இருந்த ஊர்

அடையாற்றின் குறுக்கே அந்தப் பாலத்தை 1726இல் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சென்னையில் பெரும் பணம் சம்பாதித்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். பரங்கிமலை ஏறுவதற்குப் படிகள் அமைத்ததும் அவர்தான். கோட்டையிலிருந்தும் மயிலைப் பக்கமிருந்தும் மலைக்குப் போகிறவர்கள் ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அது நடக்காது. பாலத்தைப் பராமரிக்கவும் அவர் தனியே பணம் விட்டுப் போனார். 1751இல் இறந்து வேப்பேரியில் அடக்கமானார். லத்தீன், ஆர்மீனியம், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறித்த பாலத்தின் கல்வெட்டு, பழைய பாலம் போய்ப் புதுப் பாலம் வந்த பிறகும் சைதாப்பேட்டைப் பக்கம் நின்றது. தமிழ் அதில் இல்லை.

சரி, ‘மார்மலாங்’ என்பது என்ன? ஆர்மீனியச் சொல் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மாம்பலம். நம்முடைய மாம்பலம்தான்.

இரண்டு வாய்களில் புகுந்து வெளியே வந்த பெயர் அது என்பது என் கணிப்பு. இந்தக் கரையில் ஊர்ப்பெயர்களை முதலில் கேட்டு எழுதிய ஐரோப்பியர் போர்த்துகீசியர். 1520களிலேயே அவர்கள் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் இருந்தார்கள். ‘பரங்கி’ என்பதே அவர்களைக் குறித்த சொல். போர்த்துகீசியத்தில் சொல்லின் கடைசியில் வரும் மகரத்துக்கு உதடு மூடாது, மூக்கு வழியே போய்விடும். நம் காதுக்கு அது ‘ங்’ என்றே கேட்கும். மாம்பலம் ‘மாம்பலாங்’ ஆகிவிடும். பின்னால் வந்த ஆங்கிலேயர் ‘மா’ என்ற நெடிலைக் காட்ட ஒரு ரகரத்தைச் சேர்த்தார்கள். அவர்கள் அந்த ரகரத்தை உச்சரிப்பதில்லை. பர்மா என்ற பெயரிலும் இதே கதைதான். எழுத்தில் ரகரம், வாயில் வெறும் நெடில். அப்புறம் நம் குமாஸ்தாக்கள் அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதியபோது, உச்சரிக்காத ரகரமும் சேர்ந்து ‘மார்மலாங்’ ஆனது.

மாம்பலத்தின் பெயர் ஏன் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு வந்தது? ‘பேட்டை’ என்று முடியும் பெயர்கள் சென்னையில் பிந்திய அடுக்கு. ராயப்பேட்டை, தண்டையார்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை எல்லாம் யாரோ ஒருவரையோ ஒரு தொழிலையோ சுற்றி உருவான குடியிருப்புகள். சையித் என்ற ஒருவரின் பேட்டையாகச் சைதாப்பேட்டை அதில் ஒன்று. மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர், மயிலாப்பூர் எல்லாம் அதற்கு முந்திய கிராமப் பெயர்கள். கோட்டையிலிருந்து தெற்கே வந்தால் ஆற்றுக்கு முன்னால் வரும் பெரிய ஊர் மாம்பலம். ஆகவே அது மாம்பலத்துப் பாலம். ‘மாம்பலம்’ என்ற சொல்லுக்குப் பல விளக்கம் சொல்வார்கள். வில்வத்தோடு சேர்ப்பார்கள், அம்பலத்தோடு சேர்ப்பார்கள். இந்த விஷயத்துக்கு அது தேவையில்லை.

தகரப் பெட்டியைத் திறந்தது

இந்த நிலையில் அசலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. “தொட்டா தூளாயிடும் தம்பி” என்று தயங்கினார். பேரன் ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டு வந்தான். அதன் மேல் ஒவ்வொரு மடிப்பாக, எழுத்து உடையாமல் விரித்தோம். அரை மணி நேரம் ஆனது.

பழுப்பு நிற முத்திரைத் தாள். மை காப்பி நிறமாக மாறியிருந்தது. எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, புள்ளி இல்லாமல், கால் வாங்கியும் வாங்காமலும் ஓடின. தேதி இருந்த இடத்தில் ௵, ௴, ௳ என்ற குறிகள். சொத்து விவரத்துக்கு மேலே ஒரு வரி, நகலில் இல்லாத வரி: ‘மாம்பலம் கிராமத்தில் எனக்குப் பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட’. அதற்கு அடுத்த வரி ‘௸ கிராமம்’ என்று தொடங்கியது. ௸ என்றால் மேற்படி. நகல் எடுத்தவர் ஒரு வரியைத் தவறவிட்டிருக்கிறார். அந்த ஒரு வரி போனதால் ‘மேற்படி’ தானாகச் சைதாப்பேட்டை மேல் போய் விழுந்துவிட்டது.

எண் இன்னும் சுவாரசியம். நகலில் ‘14 அ’. அசலில் ௧௪௮. தமிழ் எண்ணில் எட்டு என்பது பார்வைக்கு அகரம்தான். தட்டச்சு செய்தவர் ௧௪ என்பதைச் சரியாக 14 என்று மாற்றியிருக்கிறார். கடைசி ௮ என்ற எட்டை மட்டும் உட்பிரிவு எழுத்து என்று நினைத்து அப்படியே ‘அ’ என்று அடித்துவிட்டார். 148 என்பது 14அ ஆகிப்போனது. ஐம்பது வருஷமாக அந்த எண்ணைத்தான் குடும்பம் தன் எண் என்று வைத்திருந்தது.

இன்னொன்று. அதே தாளில், எட்டு வரி இடைவெளியில், ‘மாம்பலம்’ என்றும் இருந்தது, ‘மார்மலாங்’ என்றும் இருந்தது. எழுதியவருக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை. தன் ஊரின் பெயர் ஒரு பாலத்துக்குப் போய், இருநூறு வருஷம் கழித்து வேறு உருவத்தில் திரும்பி வந்து தன் பத்திரத்திலேயே கிழக்கு எல்லையாக உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

குழிக் கணக்கு

பன்னிரண்டரைக் குழியிலும் ஒரு சிக்கல் இருந்தது. வழக்கறிஞர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அங்கே பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். அந்தக் கணக்கில் பன்னிரண்டரைக் குழி 1,800 சதுர அடிதான். ஆனால் குடும்பத்தின் கைவசம் இப்போது இரண்டு கிரவுண்டுக்கு மேல் இருக்கிறது. தாய்ப் பத்திரத்தை விடக் கையில் இருக்கும் நிலம் அதிகம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

செங்கல்பட்டு வட்டாரக் குழி வேறு. இருபத்து நான்கு அடிக்கு இருபத்து நான்கு அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. இருபத்து நான்கு மனை ஒரு காணி. ஆகவே ஒரு மனை 2,400 சதுர அடி. இன்றும் சென்னையில் நாம் ‘கிரவுண்ட்’ என்று சொல்வது அந்த மனையைத்தான். பன்னிரண்டரைக் குழி என்றால் 7,200 சதுர அடி, சரியாக மூன்று கிரவுண்ட். இப்படிப் பிசிறில்லாமல் வந்தது. பிறகு நடந்த ஒரு பாகப்பிரிவினையும் தெருவுக்குப் போன துண்டும் கழித்தால் இன்றைய அளவு வந்துவிடுகிறது. வழக்கறிஞரிடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் மறுவார்த்தை சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

ஏரி போன இடம்

இப்போது மேற்கு எல்லை. மாம்பலத்தில், மவுண்ட் ரோடுக்கு மேற்கே, ஏரிக்கரை. பழைய சென்னையைத் தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த பெரிய ஏரி அது. ஆங்கில வரைபடங்களில் லாங் டாங்க், நீண்ட ஏரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான நகர வரைபடங்களைப் பார்த்தால், மவுண்ட் ரோடுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் அரிவாள் மாதிரி நீலமாக அது கிடக்கும். நகரம் அதற்குக் கிழக்கே முடிந்தது. ரயில் பாதைக்கு மேற்கே இருந்ததுதான் இன்றைய மேற்கு மாம்பலம்.

1920இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதையொட்டி, 1920களில் இந்த ஏரியை வடித்து மனை பிரித்துக் குடியிருப்பு அமைத்தார்கள். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராய செட்டியின் பெயரில் அது தியாகராய நகர் ஆனது. பனகல் பூங்கா, உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, நடேசன் பூங்கா, ஜி. என். செட்டி ரோடு என்று நீதிக்கட்சிப் பெரியவர்களின் பெயர்களையே தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் வைத்தார்கள். வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. மதிக்க வேண்டிய மனிதர்கள்தான். ஆனால் ஒரு ஏரியின் வயிற்றில் போட்ட தெருக்களில் ‘ஏரி’ என்ற சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது பெரிய இழப்பு. வடக்கே நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்றும் ‘டாங்க் பண்ட் ரோடு’ என்றும் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அதாவது ஏரியைப் பார்த்து நின்ற கரைகளுக்கு நினைவு இருக்கிறது. ஏரிக்குத்தான் இல்லை. வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த நிலத்தில்தான் 1976இல் எழுந்தது.

ரயில் நிலையம் மட்டும் ‘மாம்பலம்’ என்ற பெயரை விடவில்லை. தி. நகருக்குத் துணி எடுக்க வரும் ஆயிரக்கணக்கான பேர் இறங்குவது மாம்பலத்தில்தான்.

தெற்கு எல்லையில் சொன்ன ‘ஏரித் தண்ணீர் போகும் கால்’ இதோடு பொருந்தியது. ஏரி என்று இருந்தால் மதகு இருக்கும், கலங்கல் இருக்கும், மிச்சத் தண்ணீர் ஆற்றுக்குப் போக ஒரு கால் இருக்கும். இந்த ஏரிக்கு ஆறு என்றால் தெற்கே அடையாறுதான். இன்று மாம்பலம் கால்வாய் என்று நாம் சொல்வது வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தி. நகரை ஊடறுத்து, சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் போய்ச் சேர்கிறது. ஏரி போன பிறகும் தண்ணீர் தன் பழைய திசையை விடவில்லை.

நிலத்துக்கு நிலம்

மீதி வேலை பதிவேடுகளில். செங்கல்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவையில் சுமார் இரண்டாயிரம் ஊர்களுக்குக் கணக்கு எடுத்தார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் தமிழில் எழுதித் தந்த விவரங்கள் அதற்கு அடிப்படை. ஒவ்வொரு ஊரிலும் ஏரி எவ்வளவு, நஞ்சை எவ்வளவு, தோப்பு எவ்வளவு என்று காணிக் கணக்கில் வரும். இதற்கெல்லாம் பின்னால் வந்த பைமாஷ் கணக்கும் காணியிலும் குழியிலுமே ஓடியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து ஆதாரக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். இந்த வீட்டுக்கு அடுத்த ஆற்றங்கரையில் நடந்த காரியம் அது. ஆனால் தேசத்தை அளந்த அந்தக் கணக்கில் மனைகள் வராது. மனைக்கு வேண்டியது வருவாய்த்துறைக் கணக்கு.

பைமாஷ் எண்ணுக்கு நேராக அடுத்த அளவை எண், அதற்கு நேராக அதற்கடுத்த எண் என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை அலுவலகங்களில் ‘கோரிலேஷன்’ என்றுதான் சொல்வார்கள். இந்த முறை மாம்பலம் கிராமம், பைமாஷ் 148 என்று மனு போட்டோம். மூன்றாவது வாரம் பதில் வந்தது. எண் இருந்தது. அதிலிருந்து ஆர்.எஸ்., அதிலிருந்து பிளாக், டி.எஸ். என்று இறங்கி வந்தால் நேராக அந்தச் சந்துக்கே வந்து நின்றது. கிராம நிலங்களின் விவரம் எழுதும் பழைய அ-பதிவேட்டில் மேற்கே ஒட்டிய எண்ணுக்கு நேராக ‘ஏரிக்கரைப் புறம்போக்கு’ என்று எழுதியிருந்தது. இதைவிட என்ன வேண்டும்?

நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்தோம். பழைய படத்தில் அளவுகள் லிங்க் கணக்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் 7.92 அங்குலம். இதை மறந்துவிட்டு லிங்க்கை அடி என்று படித்துத் தகராறு செய்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 250 லிங்க் என்றால் 250 அடி இல்லை, 165 அடி. மாற்றிப் போட்டு டேப் பிடித்தோம். கிழக்கு மூலை சரியாக அமைந்தது. மேற்கு மூலையில் சர்வே கல் கண்ணுக்குத் தெரியவில்லை. பேரன் கடப்பாரை எடுத்து வந்து, மதில் ஓரம் குவிந்திருந்த கட்டட இடிபாட்டைத் தோண்டினான். இரண்டடி ஆழத்தில் கருங்கல் தலை தெரிந்தது. மேலே அம்புக்குறி கொத்தியிருந்தது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே “அதுதானா? அது மேலதான்பா எங்க மாமியார் துணி துவைப்பாங்க” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் சந்து மெல்ல ஏறி, உச்சிக்கு வந்து, மேற்கே தி. நகர்ப் பக்கம் மறுபடி இறங்குகிறது. சைக்கிளில் போனால் நன்றாகத் தெரியும். அதுதான் கரை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டி வந்தது. 2021 நவம்பரில் தி. நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இரண்டு முறையும் தங்கள் வாசலில் கணுக்கால் அளவுகூட வரவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். மேற்கே நூறு அடி தள்ளி இருக்கும் வீடுகளுக்குள் முழங்கால் வரை வந்திருக்கிறது. வழக்கறிஞருக்கு எழுதிய குறிப்பில் இதையும் சேர்த்தேன். சட்டப்படி அது தேவையில்லை. ஆனால் ஏரிக்கரை எங்கே என்று கேட்டால், மழைக்குப் பிறகு அந்தச் சந்தில் நடந்து பார்ப்பதும் ஒரு பதில்தான்.

கடன் கிடைத்தது. கட்டடக்காரரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். தெற்குப் பக்கம் கால் இருந்த இடம். மண் இளக்கமாக இருக்கும், அந்தப் பக்கம் அஸ்திவாரத்துக்கு முன்னால் மண் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று. செய்தார்கள். மற்ற மூன்று பக்கத்தைவிட அங்கே ஆழமாகப் போக வேண்டியிருந்தது.

அந்த அம்மா பேரன் பெயருக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தில் டி.எஸ். எண், பிளாக் எண், சதுர மீட்டர் எல்லாம் முறைப்படி போட்டோம். செக்குபந்தியில் இன்றைய எல்லைகளைத் தெருப்பெயர், கதவு எண்ணோடு எழுதினோம். அதற்குக் கீழே பழைய விவரத்தையும் சேர்க்க முடியுமா என்று பேரன் கேட்டான். சேர்க்கலாம், தடையில்லை. பத்திர எழுத்தர் சொல்லச் சொல்ல அவனே உடனிருந்து சரிபார்த்தான்:

‘இதன் பூர்வ விவரம்: மாம்பலம் கிராமம், பைமாஷ் எண் 148. மார்மலாங் என்கிற மாம்பலம் பாலத்துக்குப் போகும் ரஸ்தாவுக்கு மேற்கு, ஏரிக்கரைக்குக் கிழக்கு, ஏரித் தண்ணீர் போகும் காலுக்கு வடக்கு, நஞ்சை நிலத்துக்குத் தெற்கு.’